ஏட்டில் ஏறாத குவளை

ஒன்பது ஆண்டுகளாக நம் இல்லத்தில் கத்தரிக்காய்க்கு இடமில்லை. விலக்கியவர் நாமே. திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் விழுப்புரம் சென்று மதரஸாவில் பாடம் நடத்தி மீளும் நமக்கு, நண்பகலானால் வயிறு உப்பும், இரையும், பாடத்தின் நடுவே எழுந்தோட நேரும். மனைவியார் கட்டித் தந்த சோற்றின்மீதே ஐயம் கொண்டோம். கத்தரிக்காய் போயிற்று, நோய் போகவில்லை. பின்னர் மீன் போயிற்று; பருப்பும் போயிற்று. தாளிச்சா இல்லாத பெருநாள் விருந்தைப் பிள்ளைகள் பேசாமல் உண்டார்கள். "உன் கைப்பக்குவத்தில்தான் ஏதோ பிழை" என்று ஒருநாள் சொல்லியும்விட்டோம். மனைவியார் மறுமொழி கூறவில்லை.

சென்ற ஆண்டு ஓர் இளம் மருத்துவரிடம் சென்றோம். நம் குற்றப்பட்டியலைக் கேட்ட அவர், "ஐயா, நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். உண்டது எது, எவ்வளவு, எந்நேரம். உபாதை எப்போது தொடங்கிற்று, எவ்வளவு நேரம் நீடித்தது. இவ்வளவே குறிப்பு.

நமக்கு வெட்கமாயிருந்தது. ஒரு செய்தியை ஏற்குமுன் அதை அறிவித்தவர் யார், அவரது நினைவாற்றல் எத்தகையது என்று ஆராய வேண்டுமென மாணவர்க்குக் கற்பிப்பவர் நாம். நம் வயிற்றின் வழக்கிலோ சாட்சியின்றியே தீர்ப்பளித்திருந்தோம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸீ, நோயாளரிடம் கண்டவற்றை எழுதிவைத்தார். அவருடைய குறிப்புகளே பின்னர் 'அல்ஹாவீ' எனும் பெருநூலாகத் தொகுக்கப்பட்டன. ரோஜா மலரும் பருவத்தில் அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு மூக்கில் நீர் வடிவது ஏன் என்றும் அவர் எழுதினார். பிறர்க்கு இன்பமான மணம் ஒருவர்க்கு நோயாகலாம் என்பதை அன்றே கண்டவர் அவர்.

பதினைந்தாம் நாள் நம் ஏட்டை மனைவியார் புரட்டினார்.

"வெள்ளிக்கிழமைப் பக்கங்களில் வலியே இல்லையே!" என்றார். அன்று மதரஸாவுக்கு விடுமுறை. "விழுப்புரத்தில் நீங்கள் குடிக்கும் பாலும் தேநீரும் இதில் எங்கே?"

எழுதவில்லை. பேருந்திலிருந்து இறங்கியதும் ஒரு பெரிய குவளைப் பால். பிறகு மூன்று பால் தேநீர். அவற்றை உணவென்று நாம் கருதியதே இல்லை. வீட்டில் அருந்துவதோ பால் கலவாத இஞ்சித் தேநீர்.

மருத்துவர் சொற்படி இரு வாரம் பாலை நிறுத்தினோம், கத்தரிக்காயை உண்டோம். வயிறு அமைதியாயிருந்தது. பின் ஒரு குவளைப் பால் அருந்தினோம். இரண்டு மணி நேரத்தில் பழைய வேதனை திரும்பிற்று. சில நாள் கழித்துச் சோதித்தபோதும் அவ்வாறே. பாலிலுள்ள லாக்டோஸ் எனும் சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் நொதி, குழந்தைப் பருவத்திற்குப்பின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் நொதித்து வாயுவாகிறது. தயிரில் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியை உண்டுவிடுவதால், தயிர் நமக்குத் தீங்கு செய்யவில்லை.

வாசக அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமக்கு நேர்ந்தது செரியாமை, ஒவ்வாமை அன்று. ஓர் உணவால் உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும். அதை வீட்டில் மீண்டும் உண்டு சோதித்தல் ஆகாது. குழந்தைகளுக்கு நாமாகவே உணவுகளை விலக்குவதும் தகாது.

சென்ற பெருநாளன்று தாளிச்சா மீண்டும் வந்தது. பிள்ளைகள் முன்னிலையில் மனைவியாரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

"இதையும் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று கூறி, இன்னொரு கத்தரிக்காயை நம் தட்டில் வைத்தார்.