"அப்பா, இந்தக் கம்பி ஆடுது"

இன்னைக்கு மருத்துவம் இல்லை, படகு பற்றி ஒரு இழை. ஆனா முடிவுல மருத்துவத்துலதான் வந்து நிற்கும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1/ இங்கிலாந்தின் தென்கரையில் மருத்துவராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் 22 அடி நீளப் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கினேன். 1970களில் கட்டியது. லீவு கிடைத்தால் மகளோடு கடலுக்குப் போவேன்.

2/ ஆள் தவறி விழாமல் இருக்க, படகின் ஓரம் முழுக்க ஒரு கம்பி ஓடும். அதைத் தாங்குவது மேல்தளத்தில் போல்ட்டால் இறுக்கிய சின்னச் சின்ன ஸ்டீல் தூண்கள்.

3/ போன வருஷம் மகள் சொன்னாள்: "அப்பா, இந்தக் கம்பி ஆடுது." தூணின் அடியில் பழுப்பு நிறக் கறை இருந்தது. நட்டை இரண்டு சுற்று முறுக்கிவிட்டு, "சரியாயிடுச்சும்மா"ன்னு சொன்னேன். ஆட்டமும் நின்றது.

4/ இந்த ஏப்ரலில் உடன் வேலை பார்க்கும் நண்பர் வந்தார். கால் இடறி அந்தக் கம்பியைப் பிடித்தார். தூண் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பாய்மரக் கம்பி கைக்குச் சிக்கியதால் ஒரு கால் மட்டும்தான் தண்ணீரில் போனது.

5/ அதுல என்ன பெரிய ஆபத்துன்னு கேட்கலாம். 15 டிகிரிக்குக் குறைவான தண்ணீரில் திடீரென விழுந்தால் உடல் நம்மைக் கேட்காமலே மூச்சை இழுக்கும். அந்த மூச்சு தண்ணீருக்குள் நடந்தால் நல்லா நீந்தத் தெரிந்தவரும் மூழ்கலாம். வழக்கமாக அந்த இடத்தில் உட்காருவது என் மகள்.

6/ ஏன் பிடுங்கியது? மேல்தளம் ஒரு சாண்ட்விச் மாதிரி. மேலேயும் கீழேயும் ஃபைபர், நடுவில் லேசான பால்சா மரம். தூணில் சாயும்போதெல்லாம் போல்ட் அசையும். சுற்றியிருக்கும் பூச்சு விரிசல் விடும். மழைத்தண்ணி இறங்கும், மரம் அழுகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் காத்து வேணும். காற்றில்லாத ஈரத் துளையில் அதுவும் துருப்பிடிக்கும். நான் பார்த்த கறை அதுதான்.

7/ நான் நட்டை முறுக்கியது வைத்தியமே இல்லை. அழுகிய மரத்தை இன்னும் நசுக்கியிருக்கிறேன். காரணம் தேடாமல் வலி மாத்திரை கொடுத்து அனுப்பின மாதிரி.

8/ உடனே பெரிய, பளபளப்பான புதுத் தூண்கள் ஆர்டர் போடப் போனேன். பக்கத்துப் படகுப் பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "புதுசு வாங்குறது இருக்கட்டும். எதுல மாட்டப் போறே?" எலும்பு அறுவை சிகிச்சையிலும் இதே கதைதான். எலும்பில் பலம் இல்லை என்றால் ஸ்க்ரூ எவ்வளவு உசத்தியா இருந்தும் பிடிக்காது.

9/ சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப் பார்த்தோம். நல்ல இடத்தில் 'டக்', அழுகிய இடத்தில் 'டொப்'. நெஞ்சைத் தட்டி நோய் கண்டுபிடிப்பதை 1761ல் எழுதி வெளியிட்ட ஆவன்ப்ருக்கர், ஒரு சத்திரக்காரரின் மகன். நமக்கு அது புது வித்தை இல்லை! ஆறு தூண்களில் மூன்று 'டொப்'.

10/ செய்தது இதுதான்: போல்ட் துளையைப் பெரிதாக்கி, அழுகிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பினோம். இறுகியதும் அதன் நடுவில் புதுத் துளை. இனி தண்ணி கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

11/ கீழே, முன்பு காசு அளவு வாஷர் இருந்த இடத்தில், தூணின் அடிப்பாகத்தை விடப் பெரிய கண்ணாடியிழைத் தகடு. இழுவிசை ஒரே புள்ளியில் விழாமல் பரவும். மேலே பியூட்டைல் டேப். இறுக்கும்போது போல்ட்டைத் திருப்பக் கூடாது. அதை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் திருப்பணும்.

12/ நான்கு வார இறுதிகள் ஆச்சு. வாங்கிப் போட்டதில் முக்கால்வாசி, படகில் ஏறுகிறவர் கண்ணுக்கே தெரியாது. பழைய தூண்களையே மாட்டினோம், அவற்றில் குறையில்லை. போல்ட்டுகள் மட்டும் புதுசு.

13/ முடிந்ததும் மகளைத்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு தூணையும் முழு பலத்தோடு ஆட்டிப் பார்த்தாள். "இப்ப ஆடலைப்பா." அதோடு விடவில்லை: "போன வருஷமே சொன்னேன்ல?"

14/ பதில் இல்லை. நோயாளிகளிடம் "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?"ன்னு எத்தனை முறை கேட்டிருப்பேன்! இப்போ அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை. "முதல்ல எப்போ கவனிச்சீங்க?"ன்னுதான் கேட்கிறேன்.

உங்க வீட்டு மாடிக் கைப்பிடியை, பால்கனிக் கம்பியை இன்னைக்கே ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. குழந்தை "ஆடுது"ன்னு சொன்னா நம்புங்க.