தேரிக்காட்டுக்குப் போகும் வண்டி

குதிரைமொழித் தேரியை ஒட்டிய ஒரு பனந்தோப்பில் என் பிக்கப் முதன்முதலாகப் புதைந்தபோது, பின்சக்கரங்கள் இரண்டும் ஆக்ஸில் வரை செம்மணலுக்குள் இறங்கியிருந்தன. பதநி காய்ச்சும் குடிசையான விடிலியிலிருந்து கருப்பட்டி ஏற்றி வரப் போயிருந்தேன். பங்குனி வெயில். மிதிக்க மிதிக்க மணல் பின்னால் பறந்தது, வண்டி கீழே போனது. மரத்திலிருந்து இறங்கி வந்த பனையேறி அண்ணாச்சி, டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வால்வைத் தொட்டுக் காட்டினார். "காத்த எறக்குங்க தம்பி. கல்லு மாதிரி வச்சிருந்தா மணலு எப்படித் தாங்கும்?"

32 பி.எஸ்.ஐ-யிலிருந்து 16-க்கு இறக்கினேன். டயர் தளர்ந்து, மண்ணில் படும் பாதம் முன்னும் பின்னும் நீண்டது. சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலை வழித்துவிட்டு, நான்கு சக்கர இழுவைக் குமிழை 4எல்-க்குத் திருப்பி, இரண்டாவது கியரில் மெல்ல விட்டேன். வண்டி எழுந்து வந்தது.

அதற்குள் அந்த வண்டிக்கு நான் என்னென்னவோ செய்திருந்தேன். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகி 2016-ல் இந்தியச் சந்தைக்கு வந்த வண்டி. ஏணிச் சட்டம், நான்கு சக்கர இழுவை எல்லாம் பிறவியிலேயே உண்டு. அது போதாதென்று இரண்டு அங்குலம் உயர்த்தினேன். கூரையில் இரும்புக் கேரியர், விளக்கு வரிசை, எண்ணெய் கேன். உச்சி கனத்துவிட்டதால் மணல்மேட்டின் பக்கச் சரிவில் வண்டி சாயப் பார்த்தது. அப்போது வயிற்றுக்குள் ஏற்பட்ட அந்த வெறுமை இன்னும் நினைவிருக்கிறது.

தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. உயர்த்தியதை இறக்கினேன், கேரியரைக் கழற்றினேன். வருத்தமே இல்லை. வண்டி லேசானது, சரிவில் நிதானமாக நின்றது.

பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் சுமைக்கென்றே செய்தவை. வெறும் வண்டியாகப் போனால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். ஒரு பட்டையைக் கழற்றிவிடலாமா என்று தூத்துக்குடிப் பட்டறை அண்ணாச்சியிடம் கேட்டேன். "கழட்டுனா மெத்துன்னு போகும். கருப்பட்டி ஏத்துனா உக்காந்திரும். உங்களுக்கு எது வேணும்?" என்றார். கழற்றவில்லை. போகும்போது நூறு கிலோ சுமையைத் தொட்டியில் போட்டுக்கொள்கிறேன், துள்ளல் அடங்குகிறது.

காசு போட்டதில் பலன் தந்தவை சில்லறைச் சாமான்கள்தான்: காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர், ஒரு மண்வெட்டி, நல்ல இழுவைக் கயிறு. அந்தக் கயிற்றைச் சட்டத்தில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டி இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டாகப் பறக்கும்.

காற்றை இறக்குவதில் ஒரு சிக்கலும் உண்டு, டயரின் பக்கச் சுவர் பிதுங்கும். தேரியில் அதற்கென்று ஒரு எமன் உண்டு, பனங்கருக்கு. இரண்டாம் முறை போனபோது, மணலில் பாதி புதைந்திருந்த மட்டை ஒன்றின் ரம்பப் பல் சுவரை மூன்று அங்குலம் கிழித்துவிட்டது. டயரின் அடிப்பாகத்தில் ஓட்டை என்றால் அடைக்கலாம். சுவர் கிழிந்தால் டயரே போயிற்று. ஸ்டெப்னி முழு அளவு டயராக இருந்ததால் அன்றைக்குத் தப்பித்தேன். ஆனால் அந்த மணலில் ஜாக் நிற்கவில்லை. விடிலிக்கு நடந்து போய் ஒரு பலகை வாங்கிவந்து அடியில் வைத்தேன்.

இப்போதெல்லாம் தோப்பு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் நடக்கிறேன். விடிலி வரை இருநூறு அடி. கருக்கு மட்டைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டே போனால், மணல் எங்கே இறுகிக் கிடக்கிறது, எங்கே காலை உள்ளே வாங்குகிறது என்பது பாதத்துக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்து காற்றை இறக்குவேன். அந்த உஸ் சத்தம் கேட்டதும் அண்ணாச்சி மரத்து மேலிருந்து குரல் கொடுப்பார், "வாங்க தம்பி, பதநி இறக்கியாச்சு."