ஆயா எழுதச் சொன்னது

என்னிடம் அம்மாவின் கடிதங்கள் அறுபத்து மூன்று இருக்கின்றன. எல்லாமே நீல நிற இன்லேண்ட் லெட்டர். 1950 அக்டோபர் 2-ஆம் தேதி அறிமுகமானது அது. நான் பாண்டிச்சேரியில் விடுதியில் தங்கிப் படித்த அறுபதுகளில் விலை பத்து பைசா. உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று வெளியே அச்சடித்திருக்கும். அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய பிறகு தீப மை கொடுப்பார்கள் அல்லவா, அதில் ஒரு பொட்டு எடுத்துக் கடிதத்தின் மூலையில் தடவி, "இதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்" என்று எழுதிவிடுவாள். காகிதத்தின் மேலேதானே இருக்கிறது, உள்ளே எதுவும் வைக்கவில்லையே! ஏழெட்டுக் கடிதங்களில் அந்தக் கறுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

திருவண்ணாமலைப் பெண் பிரெஞ்சு படிக்கப் போன கதையை இதற்கு முன்பே கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அப்பா பாண்டிச்சேரிக்காரர். சைகோனில் பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராக இருந்து 1953-இல் அங்கேயே காலமானார். அம்மாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. என்னைத் தூக்கிக்கொண்டு திருவூடல் தெருவில் இருந்த தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். மகளைப் பிரெஞ்சில் படிக்க வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்த ஆசைக்காக ஒன்பது வயதில் என்னைப் பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் சேர்த்தார்கள். மாமா எதிர்த்தார், ஆயா அழுதாள், அம்மா மட்டும் பிடிவாதமாக இருந்தாள்.

வாரத்துக்கு ஒரு கடிதம். வந்ததைப் பிரித்துப் படித்துப் பார்த்த பிறகே எங்கள் கையில் கொடுப்பார்கள். அம்மாவுக்கு இது தெரியும் என்பதால் வீட்டுப் பணக்கஷ்டத்தை நேராக எழுத மாட்டாள். "மாடு பால் குறைத்துவிட்டது" என்றால் இந்த மாதம் விடுதிக் கட்டணம் தாமதமாகும் என்று அர்த்தம். "கிணற்றில் தண்ணீர் நன்றாக ஊறியிருக்கிறது" என்றால் மாமா கடையில் வியாபாரம் பரவாயில்லை. ஒருமுறை மாடு உண்மையிலேயே கன்று போட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்தபோது நான் புதுப்பாவாடை வரும் என்று தபாலுக்காகக் காத்திருந்தேன். அடுத்த கடிதத்தில், "நான் எழுதியது மாட்டைப் பற்றித்தான்" என்று ஒரு வரி!

ஊர்ச் செய்தியும் வீட்டுச் செய்தியும் அவளுக்கு வேறு வேறு அல்ல. தை 2-ஆம் தேதி எங்கள் தெருவில் நடக்கும் திருவூடலை, பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி எழுதுவாள். "இந்த வருஷமும் சுவாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. அம்மன் கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவாமி தனியாக மலை சுற்றப் போனார். மறுநாள் சமாதானம். மல்லாட்டை விலை ஏறிவிட்டது." 1963-இல் நம் ஊர் இடைத்தேர்தல் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. தி.மு.க.வின் ப.உ. சண்முகம் ஜெயித்தார். அம்மாவின் கடிதத்தில் அந்தத் தேர்தல் இப்படி வருகிறது: "ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஆயாவுக்கு ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. இரண்டு கட்சிக்காரரும் வந்து நம் சுவரைக் கேட்டார்கள். மாமா இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டு வேலூர் போய்விட்டார்."

வகுப்பில் எங்களுக்குக் கடிதம் எழுத மாதிரியாகக் கொடுத்தது மதாம் த செவிஞே எழுதியவற்றை. பதினேழாம் நூற்றாண்டு பாரிஸ் சீமாட்டி. அவளும் இருபத்தைந்து வயதில் விதவை ஆனவள். கணவன் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் செத்துப்போனான். ஒரே மகள் கல்யாணமாகி 1671 பிப்ரவரியில் தெற்கே புரோவான்ஸ் பிரதேசத்துக்குப் போய்விட, அம்மாக்காரி மாய்ந்து மாய்ந்து எழுதித் தள்ளினாள். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல், ராஜா யாரிடம் முகம் கொடுத்துப் பேசினார், எல்லாம் அதில் உண்டு. மகளுக்கு பாரிஸ் விட்டுப் போகக் கூடாது என்பதுதான் நோக்கம். வாத்தேல் கதை அவள் கடிதத்தால்தான் இத்தனை பிரபலம். பதினான்காம் லூயிக்கு ஷாந்தியி மாளிகையில் விருந்து. அதற்குப் பொறுப்பாக இருந்த வாத்தேல், மீன் நேரத்துக்கு வரவில்லை என்று மானம் தாங்காமல் வாளால் குத்திக்கொண்டு செத்தான். அவன் செத்த பிறகு மீன் வந்து சேர்ந்தது.

இதைப் பாடமாகப் படித்த அதே மாதம் அம்மாவிடமிருந்து ஒரு கல்யாணச் செய்தி வந்தது. மூன்றாவது பந்தியில் பாயசம் தீர்ந்துபோய், தலைமைச் சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு அய்யங்குளத்துப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாராம். "நல்ல வேளை, தண்ணீர் முழங்கால் அளவுதான்" என்று முடித்திருந்தாள். மசேர் ஒருவரிடம் (கன்னியாஸ்திரிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் 'என் சகோதரி') அதை பிரெஞ்சில் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே இருந்த எட்டு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், மடிப்புக்குக் கீழே மிஞ்சிய இடத்தில், "ஆயா எழுதச் சொன்னது" என்று ஒரு வரி இருக்கும். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "ஆயா எழுதச் சொன்னது: வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி." "ஆயா எழுதச் சொன்னது: தலைமுடியை வெட்ட விடாதே." "ஆயா எழுதச் சொன்னது: தீபம் இந்த வருஷம் மேகத்தில் மறைந்துவிட்டது, அரோகரா சத்தம் கேட்டுத்தான் வாசல் விளக்கை ஏற்றினேன்." நானும் பதில் கடிதத்தில் கடைசி வரியை ஆயாவுக்கென்று ஒதுக்குவேன்.

1966 மாசி மாதம். எனக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கடிதம் வந்தது. மாடு, கிணறு, மாமா, அத்தையின் முட்டிவலி எல்லாம் வழக்கம்போல. கடைசி வரி மட்டும், "ஆயா ஆசீர்வாதம்" என்று இருந்தது. இடம் போதவில்லை போலிருக்கிறது என்று பார்த்தால், கீழே இரண்டு விரல் அகலம் காலியாகக் கிடந்தது. அடுத்த வாரமும் "ஆயா ஆசீர்வாதம்." அதற்கடுத்த வாரமும் அதுவே.

நான் யாரையும் கேட்கவில்லை. சித்திரை பிறந்த பிறகு வந்த கடிதத்தில், "அத்தைக்கு உடம்பு முடியாததால் வருஷப் பிறப்புக்கு வீட்டில் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் அத்தைக்கு முடியாவிட்டால் அம்மா செய்வாள். அம்மாவுக்கு முடியாவிட்டால் ஆயா அடுப்படிக்குப் போய்விடுவாள். பண்டிகை இல்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை, பதில் எழுதும் நேரத்தில், கடைசி வரியை என்ன செய்வது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "ஆயாவுக்கு என் வணக்கம்" என்று எழுதினேன். அதுவரை நான் ஆயாவுக்கு வணக்கம் எழுதியதே இல்லை.

விடுமுறைக்கு அழைத்துப்போக எப்போதும் மாமாதான் வருவார். அந்த முறை அம்மா வந்தாள். விழுப்புரத்தில் வண்டி மாறி, அந்த மீட்டர் கேஜ் ரயிலில் ஜன்னல் ஓரத்தில் எதிரெதிராக உட்கார்ந்தோம். திருக்கோவிலூரில் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். தண்டரைக்கு முன்னால் மலை கண்ணில் பட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும்மா."

"உன் கடுதாசியப் பார்த்ததுமே நெனைச்சேன். பரீட்சை முடியட்டும்னு மாமாதான் சொன்னாரு. நானும் வழக்கம்போல எழுதிடலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆயா எழுதச் சொன்னதுன்னு எழுதப் போனா, கை வரல."

மலையைப் பார்த்தபடியே ஊர் வந்து சேர்ந்தோம்.

செவிஞே அம்மாளின் கடிதங்கள் முந்நூறு வருஷம் தாண்டியும் அச்சில் வந்துகொண்டிருக்கின்றன. மகள் எழுதிய பதில்களோ ஒன்றும் மிஞ்சவில்லை. என் கதையும் அதுவேதான். அம்மா என் கடிதங்களை அடுப்படிச் சுவரில் தொங்கிய கம்பியில் குத்தி வைத்திருந்தாள். வீட்டை இடித்துக் கட்டியபோது கம்பியோடு போயிற்று. ஆகவே என் பக்கம் என்ன எழுதினேன் என்பதை அம்மாவின் பதில்களை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவளுக்கு, வெளியே போன தபாலுக்கு நகல் இல்லாதது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இப்போது அறுபத்து மூன்றையும் தேதிவாரியாக அடுக்கி, மை மங்குவதற்குள் நோட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தொன்று முடிந்தது. ஒரே ஒரு இடத்தில் முட்டி நிற்கிறேன். 1965 ஆடி மாதக் கடிதத்தில், "எதிர்வீட்டு விஷயம் நீ கேள்விப்பட்டிருப்பாய், அதனால் நான் எழுதவில்லை" என்று இருக்கிறது. நான் கேள்விப்படவில்லை. அம்மாவைக் கேட்டபோதெல்லாம், "அதை விடு" என்றே சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் திருவூடல் தெருவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய் ஐம்பது வருஷம் ஆகிறது, யாருக்கும் சங்கடம் இல்லை.