ஒரு தகட்டின் கனம்

நமது தகப்பனார் 1974-ம் வருஷம் வாங்கிய அம்பாஸடர் வண்டி இன்னும் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. நிற்கிறது என்பது மட்டுந்தான் அதைப் பற்றி நாம் நிச்சயமாகச் சொல்லக்கூடியது. சென்ற வருஷம் ஒரு மாதச் சம்பளத்தை அதற்குப் படைத்து, எஞ்சினைப் பிரித்துக் கட்டினோம். அடுத்த மாதமே ஏற்காட்டு மலைப்பாதையில், இருபது கொண்டையூசி வளைவுகளில் பதினான்காவதில், எஞ்சின் 'டக்டக்'கென்று தட்டிற்று; பிறகு இழுவை அற்றுப் போயிற்று. உடன் வந்த தாயாருக்கு எழுபது கடந்துவிட்டது. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, "உங்கப்பா இருந்தவரைக்கும் இது இப்படிப் பண்ணினதில்லையே!" என்றார்கள்.

வண்டியை இழுத்து வந்து, நான்கு ப்ளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தி, ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டுக் கம்ப்ரெஷன் அளந்தோம். கடைசி இரண்டு ஓரங்களிலும் சதுர அங்குலத்துக்கு 150 ராத்தல். நடு இரண்டிலும் 60 கூட இல்லை. ஒரு கரண்டி எண்ணெய் விட்டும் முள் ஏறவில்லை. ஏறியிருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்று கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு ஸிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் தாழ்ந்தால், இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த எஞ்சினில் நடு இரண்டின் புகையும் ஒரே துவாரத்தால் வெளியேறுவதால் அவ்விடத்தில் உஷ்ணமும் அதிகம். ஹெட்டைத் தூக்கினோம், தகடு அங்கேதான் கருகியிருந்தது.

"மெல்லிசுத் தகடே போட்டுடலாம், ஸார்! இழுவை பிரமாதமா இருக்கும்" என்றார் மேஸ்திரி. போன தடவையும் இதையேதான் சொன்னார். ஹெட்டை ஃபேஸிங் செய்தபோது எவ்வளவு சீவினார்கள் என்பதை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கணக்கை வழியோடு எழுதுங்கள் என்று பிள்ளைகளை இருபது வருஷமாக அதட்டுகிறவர்கள் நாம்!

இம்முறை பள்ளிக்கூட ஆய்வுசாலையிலிருந்து ஒரு ப்யூரெட்டை இரவல் வாங்கினோம். வால்வுகளும் ப்ளக்குகளும் பூட்டியபடியே ஹெட்டைக் கவிழ்த்து, குழியின்மேல் துளையிட்ட கண்ணாடியைக் கிரீஸ் தடவிப் பொருத்தி, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். 36 கன சென்டிமீட்டர் கொண்டது. பிஸ்டன் தலைப் பள்ளமும் அதற்கு மேலுள்ள இடைவெளியும் 6.5. அழுந்தியபின் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள பழைய தகட்டின் துவாரம் 2.5. ஆக 45. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் இடமோ 372. 372-ஐ 45-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 9.3 வருகிறது. நாம் போடுகிற சாதாரணப் பெட்ரோலுக்கும், ஏற்றத்தில் கொதிக்கும் இந்தக் கிழ எஞ்சினுக்கும் அது தாங்காது. தட்டியதற்குக் காரணம் விளங்கிற்று.

இரட்டிப்புக் கனமுள்ள தகடு போட்டால் 8.8. கனத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் சரியல்ல. இடைவெளி மிஞ்சினால் எரிகிற கலவை சரிவரக் கலங்காது. ஆகவே அந்தத் தகட்டோடு நிறுத்தி, பொறி விழும் நேரத்தைச் சற்றே பின்தள்ளினோம். ஹெட்டின் முகம் கோணலில்லை என்று அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே மேஸ்திரி மரைகளை நடுவிலிருந்து ஓரமாகப் படிப்படியாய் முடுக்கினார். முகம் மட்டும் சிணுங்கியே இருந்தது.

நான்கிலும் இப்போது முள் 135-ஐ ஒட்டி நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறினோம். பதினான்காவது வளைவில் தாயார் ஒன்றும் சொல்லவில்லை, தூங்கிவிட்டார்கள். ப்யூரெட்டில் மண்ணெண்ணெய் நாற்றம் போகவில்லையென்று ரசாயன ஆசிரியர்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.