‘கொஞ்சம்’னா எவ்வளவு?

லண்டனில் வேலைக்குச் சேர்ந்த என் அக்கா மகனின் வேலையைப் பார்த்து, ‘நாட் பேட்’ என்றாராம் அதிகாரி. பையன் முகம் வாடிவிட்டது. அங்கே அது நல்ல பாராட்டாம்!

வெள்ளைக்காரர்கள் எதையும் குறைத்துச் சொல்லியே பழகியவர்கள். 1982-ல் ஜாவா அருகே எரிமலைச் சாம்பலில் சிக்கி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் 4 இன்ஜின்களும் நின்றுபோயின. ‘ஒரு சின்னப் பிரச்னை’ என்றுதான் பயணிகளிடம் அறிவிக்க ஆரம்பித்தார் கேப்டன் எரிக் மூடி. (பத்திரமாக ஜகார்த்தாவில் இறக்கியும்விட்டார்.)

வத்தலக்குண்டில் இருக்கும் என் அம்மாவும் இந்த ரகம்தான். போன் செய்தால், ‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். போன மார்கழியில் ஒருநாள், ‘கொஞ்சம் முடியலடா’ என்றார். அம்மா வாயில் ‘கொஞ்சம்’ வந்தால் கொஞ்சமில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஐ.சி.யு-வில் பார்க்க விட்டபோது, ‘‘எப்படிம்மா இருக்கு?’’ என்றேன்.

‘‘பரவாயில்ல. நீ சாப்பிட்டியா?’’