பதில் போடாத 116 பேர்

2022. பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக இருந்த காலம். என்ர கடைசி வருட ஆய்வுக்கு ஒரு கேள்வியைப் பிடிச்சிருந்தன்: எங்கட பட்ச்சில் காசில்லாமல் சாப்பாட்டைத் தவிர்க்கிறவர்கள் எத்தனை பேர்?

கூகுள் ஃபோம் ஒன்றைச் செய்து வட்ஸ்அப் குழுவில் போட்டேன். 180 பேரில் 64 பேர் நிரப்பினார்கள். அதில் 6 பேர்தான் 'ஓம்' என்றிருந்தார்கள். பத்தில் ஒராள்கூட இல்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று முடிவுரையே எழுதத் தொடங்கிவிட்டேன்.

வாசித்த மிஸ் ஒரேயொரு கேள்விதான் கேட்டா. "மிச்சம் 116 பேரும் ஏன் பதில் போடேல்ல எண்டு யோசிச்சனீரா?"

பிறகு 1936 அமெரிக்கத் தேர்தல் கதையைச் சொன்னா. 'லிட்டரரி டைஜஸ்ட்' சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன் வெல்லுவார் என்றது. வென்றது ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46இல். அனுப்பிய பட்டியலும் பிழை, பதில் போட்டவர்கள் போடாதவர்களைப் போல இருக்கவுமில்லை. எத்தனை பேர் பதில் தரவில்லை என்பது பாதிக் கதைதான். அவர்கள் எவ்வளவு வித்தியாசமானவர்கள் என்பதுதான் மற்றப் பாதி.

வீட்டுக்கு வந்து திகதிகளைப் பார்த்தேன். முதல் கிழமை நிரப்பிய 46 பேரில் 2 'ஓம்'. நினைவூட்டிய பிறகு நிரப்பிய 18 பேரில் 4. பிந்தி வருகிறவர்கள் வராதவர்களுக்குக் கிட்டவானவர்கள் என்பார்கள். அது உண்மையென்றால்?

116 பேரில் 20 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, நேரே போய்க் கேட்டேன். 17 பேர் கதைத்தார்கள். 8 பேர் 'ஓம்' என்றார்கள். அந்தக் கணக்கை 116 பேருக்கும் விரித்தால், பட்ச்சில் மூன்றில் ஒருவர்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தன் என்ர போர்டிங்கிலேயே இருந்தவன். "ஃபோமைப் பாத்தனான் மச்சான். பின்னேரம் கடையில வேலை, இரவு டேட்டா இல்லை. இருந்தாலும் அதை உனக்கு எழுதித் தர மனம் வரேல்ல."

ஒரே குசினியில் தேத்தண்ணி ஊத்தினவங்கள் நாங்கள். நான் அவனிட்ட ஃபோமைத்தான் அனுப்பியிருந்தேன்.

முடிவுரையைத் திருப்பி எழுதினேன். கதைக்க மறுத்த அந்த மூன்று பேரையும் அதில் குறிப்பிட்டேன்.