பெயர் அறியாத குழலோசை

கண்டி மாநகருக்கும் மேனாட்டு ஸ்விங் இசைக்கும் தொடர்பு உண்டென்றால் இளைஞர் பலர் வியப்பர். 1944ஆம் ஆண்டிலே மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். அப்படையினரை மகிழ்விக்கவே கொழும்பிலிருந்து சீயாக் வானொலி ஒலித்தது. 1949இல் அவ்வானொலியின் உடைமைகள் இலங்கை வானொலிக்கு வந்தன. போருக்காக எழுந்த ஆற்றல்மிக்க அலைகள் பின்னர் பாட்டுக்குப் பயன்பட்டன. 1952 முதல் 'பினாக்கா கீத்மாலா' அவற்றின் வழியே பாரதமெங்கும் பரவிற்று.

இந்தி மொழி அறியாத நாமும் அப்பாடல்களில் மயங்கினோம். சொல் விளங்கவில்லை, ஆயினும் இடையிலே எழுந்த சாக்சபோன் என்னும் குழலின் குரல் விளங்கிற்று. பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் அறிவிப்பாளர் வாயிலிருந்து வரும். குழலூதியவர் பெயரைக் கேட்பது அரிது.

அக்குழலின் பின்னே பல வேளைகளில் நின்றவர் மனோகாரி சிங். நேபாள வழிவந்த குடும்பத்தில் 1931ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்தார். அந்நகரின் விடுதிகளில் அந்நாளிலே ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்தது. அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்போர்டு அங்கேதான் வாசித்து, 1945இல் அங்கேயே மறைந்தார். அந்தச் சூழலில் வளர்ந்த மனோகாரி, சௌரங்கி வீதியிலிருந்த பிர்ப்போ விடுதியின் வாத்தியக் குழுவிலே புகழ்பெற்றார். இசையமைப்பாளர் சலில் சௌத்ரியின் தூண்டுதலால் 1958இல் பம்பாய்க்குச் சென்றார்.

நம்மவரான ஆர். கே. நாராயணின் நாவலைத் தழுவி 1965இல் வெளிவந்த 'கைடு' படத்தின் பாடல்களில் அவருடைய குழல் பேசுகின்றது. சாக்சபோனின் உடல் பித்தளை. ஆனால் ஓசைக்கு உயிர் தருவது நாணல் தட்டை. கட்டுக்கலைப் பிள்ளையார் சந்நிதியில் நாம் கேட்கும் நாதஸ்வரத்தின் சீவாளியும் நாணலே. இந்த உறவினால்தான் போலும் அவ்வந்நியக் குழல் நம் செவிக்கு அயலாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் கத்ரி கோபால்நாத் அதனைக் கர்நாடக இசைக்கே உரியதாக்கி, 1994இல் 'டூயட்' படத்தின் வாயிலாகத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார்.

மனோகாரி ஊதுவதோடு நிற்கவில்லை. ராகுல்தேவ் பர்மனிடம் உதவியாளராகவும், வாத்திய இசையை ஒழுங்கமைப்பவராகவும் பாசு சக்கரவர்த்தியுடன் இணைந்து உழைத்தார். இப்பணி எத்தகையது? இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக்காட்டுவார். எந்த வாத்தியம் எங்கே தொடங்குவது, எங்கே ஓய்வது என்பதை வகுத்துச் சுரக்குறிப்பாகத் தாளில் எழுதிக் கலைஞர் கையில் கொடுத்தல் வேண்டும். அந்நாளிலே பாடகரும் வாத்தியக்காரரும் ஒருங்கே கூடியிருந்து ஒலிப்பதிவு செய்வது வழக்கம். ஒருவர் பிசகினால் அனைவரும் மீண்டும் தொடங்கவேண்டும்.

பாசு - மனோகாரி என்ற பெயரிலே 1976இல் 'சப்சே படா ருபையா' என்னும் படத்திற்கு இருவரும் இசையமைத்ததுண்டு. எனினும் பர்மனின் அணியை அவர்கள் விட்டகலவில்லை. பர்மன் 1994இல் மறைந்தார். மனோகாரி முதுமையிலும் குழலைக் கைவிடாது, 2010ஆம் ஆண்டு மும்பையில் காலமானார்.

முன்வரிசையில் நின்று ஊதவல்ல ஒருவர், பிறருடைய மெட்டைச் செப்பனிடும் பணியை ஏற்றது தாழ்வாகுமா? அன்று என்பதே நம் துணிபு. தனியே ஊதுபவனுக்குத் தன் மூச்சை அறிந்தால் போதும். ஒழுங்கமைப்பவனோ நாற்பது பேருடைய மூச்சையும் அறிந்திருத்தல் வேண்டும். இது வளர்ச்சியேயன்றி வீழ்ச்சியன்று.

நம் பிள்ளைகளுக்கு முதலிடம் ஒன்றையே நாம் ஓயாது போதிக்கின்றோம். வகுப்பிலே முதல்வன், மேடையிலே முதல்வன் என்பதே நம் கனவு. இரண்டாம் வரிசையில் அமர்ந்து ஒரு காரியம் முழுவதையும் தாங்குபவனைப் பாராட்ட நாம் பழகவில்லை. அதனால் அவ்விடத்திற்கே பொருத்தமான பிள்ளைகள் தம்மைத் தோற்றவர்களாக எண்ணி வாடுகின்றனர். அவர்களுக்கு மனோகாரியின் வரலாற்றைச் சொல்லுவோம். இனி ஒரு பாடல் இனித்தால், பாடியவர் யார் என்பதோடு, உடன் வாசித்தவர் யார் என்றும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்.